காரின் முன்சக்கரத்தில் சத்தமா? எந்தப் பாகம் தேய்ந்தது என்று கண்டுபிடித்து வீட்டிலேயே மாற்றும் வழி

முன்பக்கம் லொடலொடவென்று சத்தம் கேட்டதும் பலர் நேராக ஷாக் அப்சார்பரை மாற்றப் போய்விடுகிறார்கள். இருப்பதிலேயே விலை கூடிய பாகம் புதிதாகிவிடும். சத்தம் மட்டும் பழையபடியே இருக்கும். உண்மையில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது விரல் தடிமனுள்ள ஒரு லிங்க் ராடாகவோ, ஓரம் கிழிந்த ஒரு ரப்பர் புஷ்ஷாகவோ (இரும்புப் பாகங்கள் சேருமிடத்தில் அதிர்வை வாங்கும் ரப்பர்) இருந்திருக்கும். என்ன சத்தம் என்பதைவிட எப்போது வருகிறது என்று கவனியுங்கள். பாகத்தைக் காட்டிக்கொடுப்பது அதுதான்.

இங்கே சொல்வது மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட் அமைப்புக்கு. சிறிய, நடுத்தரக் கார்களில் முன்பக்கம் பெரும்பாலும் இதுதான் இருக்கும். ஷாக் அப்சார்பரும் சுருள் ஸ்பிரிங்கும் ஒரே தூணாக (ஸ்ட்ரட்) சேர்ந்து, மேலே மவுண்ட் வழியாகக் காரின் உடலையும் கீழே நக்கிளையும் (சக்கரம் பூட்டும் ஹப்பைத் தாங்கும் வார்ப்புப் பாகம்) பிடித்திருக்கும். காரின் எடை இந்தத் தூண் வழியாகச் சக்கரத்துக்கு இறங்குகிறது. நக்கிளின் அடியைச் சட்டகத்தோடு இணைக்கும் லோயர் ஆர்ம் எடையைத் தாங்குவதில்லை. சக்கரம் முன்னும் பின்னும், உள்ளும் வெளியும் ஓடாமல் பிடித்துவைப்பதே அதன் வேலை. ஆகவே மேடுபள்ளத்தில் உழைப்பது ஸ்ட்ரட்டும் லிங்க்கும். பிரேக்கில் உழைப்பது ஆர்ம் புஷ். ஸ்டீயரிங் திருப்பத்தில் உழைப்பது மவுண்ட் பேரிங்கும் பால் ஜாயின்ட்டும் (ஆர்மையும் நக்கிளையும் சேர்க்கும் குண்டு மூட்டு). எது உழைக்கிற நேரத்தில் சத்தம் வருகிறதோ அங்கே தேடத் தொடங்குங்கள்.

அதற்கும் முன்னால் ஐந்து நிமிடம் செலவழித்துச் சில்லறைக் காரணங்களைக் கழித்துவிடுங்கள். டிக்கியில் உருளும் ஜாக்கி, தளர்ந்த பானட் பூட்டு, ஒரு போல்ட் விழுந்துபோன இன்ஜின் அடித்தகடு, கிளிப் கழன்று ஆடும் பிரேக் பேட், சரியாக முறுக்காத சக்கர நட்டு. இவை எல்லாமே சஸ்பென்ஷன் சத்தம் போலவே கேட்கும். பிரேக் பேடைக் கண்டுபிடிப்பது சுலபம்: சத்தம் வரும் இடத்தில் பிரேக்கை லேசாகத் தொட்டபடி ஓட்டிப் பாருங்கள். சத்தம் சட்டென்று நின்றால் பேட் பக்கம் போங்கள்.

காரைத் தூக்கும்போது

சமதளமான கெட்டித் தரை வேண்டும். மண்ணிலும் சரிவிலும் இந்த வேலையைத் தொடாதீர்கள். கைபிரேக்கைப் போட்டு, கியரில் விட்டு (ஆட்டோமேட்டிக் என்றால் பார்க்கில்), பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். சக்கர நட்டுகளைக் கார் தரையில் நிற்கும்போதே அரைச் சுற்று தளர்த்திக்கொள்ளுங்கள். தூக்கியதும் உற்பத்தியாளர் குறித்த இடத்தில் இரண்டு ஜாக் ஸ்டாண்டுகளை வைத்து எடையை அவற்றின்மேல் இறக்குங்கள். காருடன் வரும் கத்தரி ஜாக்கி டயர் மாற்ற மட்டும்தான். அதை நம்பி உடம்பின் எந்தப் பகுதியும் அடியில் போகக் கூடாது. கழற்றிய சக்கரத்தைக் கதவுக்குக் கீழே படுக்கவைத்துவிடுங்கள், ஸ்டாண்ட் நழுவினாலும் ஓர் இடைவெளி மிஞ்சும்.

கருவிகள்: நீள் கைப்பிடி, சாக்கெட் செட், டார்க் ரெஞ்ச் (குறித்த அளவுக்கு முறுக்கும் ரெஞ்ச்), ஆலன் கீ செட், ஒன்றரை கிலோ சுத்தியல், கடப்பாரை மாதிரி நீளமான நெம்புகோல், கம்பி பிரஷ், துரு இளக்கும் எண்ணெய், அடையாளம் போடப் பெயின்ட் பேனா, கட்டுக்கம்பி. ஸ்ட்ரட்டைப் பிரிப்பதாக இருந்தால் ஸ்பிரிங் கம்ப்ரஸரும் வேண்டும். துரு எண்ணெயை வேலைக்கு முந்தைய இரவே எல்லா நட்டிலும் அடித்துவிடுவது நல்லது. அன்று காலையில் அடித்துவிட்டு அரைமணியில் திருகத் தொடங்கினால் பெரிய பயன் இல்லை.

முறுக்கு அளவுகளை உங்கள் மாடலின் சர்வீஸ் கையேட்டிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே நிறுவனத்தின் இரண்டு கார்களுக்குக்கூட அது மாறும்.

மெதுவாகப் போகையில், சின்னச் சின்ன மேடுபள்ளத்தில் லொடலொட

சாலை வழவழப்பாக இருந்தால் சத்தமே இல்லை. பெயர்ந்த சாலையில் 20, 30 கிலோமீட்டர் வேகத்தில் போனால் டப்பாவில் கல் போட்டுக் குலுக்கியது போல வருகிறது. ஒரு சக்கரம் மட்டும் ஏறி இறங்கும்போது அதிகமாகவும், இரண்டு சக்கரமும் ஒன்றாக வேகத்தடையில் ஏறும்போது குறைவாகவும் இருக்கிறது. இந்தக் கடைசி அடையாளம் முக்கியம். ஸ்டெபிலைசர் பார் (வளைவில் கார் சாயாமல் இரண்டு பக்கத்தையும் இணைக்கும் கம்பி; அதன் முனையை ஸ்ட்ரட்டோடோ ஆர்மோடோ சேர்ப்பதே லிங்க்) இரண்டு பக்கமும் சமமாக எழும்பினால் வெறுமனே சுழலும், முறுகாது. ஆகவே அதன் லிங்க்கில் ஆட்டம் இருந்தாலும் தட்டாது. ஒரு பக்கம் மட்டும் எழும்பும்போதுதான் பார் முறுகி லிங்க்கை இழுத்துத் தள்ளும்.

சோதனை: இரண்டு முன்சக்கரங்களும் தரையில் இருக்கட்டும், அல்லது இரண்டும் தொங்கட்டும். லிங்க்கைக் கையால் பிடித்து மேலும் கீழும் வெடுக்கென்று ஆட்டுங்கள். 'டிக்' என்று விரலில் உணர்ந்தாலே அது போய்விட்டது. ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கிவிட்டு ஆட்டிப் பார்ப்பது பலர் செய்யும் தவறு. அப்போது பார் முறுகி லிங்க்கை விறைப்பாக இழுத்துவைத்திருக்கும், தேய்ந்த லிங்க்கும் நல்லது போலத்தான் தெரியும்.

சந்தேகம் தீரவில்லை என்றால் இரண்டு பக்க லிங்க்கையும் முழுதாகக் கழற்றி வைத்துவிட்டு, அதே கரடுமுரடான இடத்தில் மிக மெதுவாக ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். பாரின் முனை எதிலும் உரசாமல் கம்பியால் கட்டிக்கொள்ளுங்கள். சத்தம் மறைந்தால் வழக்கு முடிந்தது. லிங்க் இல்லாமல் வளைவில் கார் அதிகம் சாயும் என்பதால் இதோடு பெரிய சாலைக்குப் போக வேண்டாம்.

மாற்றுவது அரைமணி வேலை, துருப்பிடித்திருந்தால் அரைநாள். நட்டைத் திருகினால் பால் ஜாயின்ட்டின் தண்டும் சேர்ந்து சுற்றும். அதற்காகவே தண்டின் நுனியில் ஆலன் கீக்கு ஒரு குழி இருக்கும், பெரும்பாலும் 5 அல்லது 6 மிமீ. நட்டுக்கு வெளியே நீட்டியிருக்கும் மரையை முதலில் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தப்படுத்துங்கள். இறுகிப்போவது நட்டின் உள்மரை அல்ல, நட்டு கடந்து வரவேண்டிய இந்தத் துருப்பிடித்த வெளிமரைதான். கால் சுற்று தளர்த்தி, அரைக்கால் சுற்று திரும்ப இறுக்கி, எண்ணெய் விட்டு, மறுபடி தளர்த்துங்கள். ஆலன் குழி மழுங்கிவிட்டால் ரப்பர் உறைக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவில் கிரிப் பிளேயரால் தண்டைக் கவ்வுங்கள். அதுவும் நழுவினால் நட்டை ரம்பத்தால் அறுப்பதே மிச்சம். பழைய லிங்க் எப்படியும் குப்பைக்குத்தானே போகிறது.

புது லிங்க்கின் துளை பொருந்தவில்லை என்றால் சுத்தியலை எடுக்காதீர்கள். இரண்டு சக்கரமும் ஒரே உயரத்தில் இல்லை என்று அர்த்தம். தாழ்ந்திருக்கும் பக்கத்து லோயர் ஆர்முக்குக் கீழே ஜாக்கி கொடுத்து மெல்ல உயர்த்தினால் தானாகவே நேராக வந்துவிடும். லிங்க்கை எப்போதும் ஜோடியாக மாற்றுங்கள். இதற்குப் பிறகு அலைன்மென்ட் தேவையில்லை.

லிங்க் நன்றாக இருந்தும் காய்ந்த மரக்கட்டில் முனகுவது போலச் சத்தம் வந்தால், பாரைச் சட்டகத்தோடு பிடிக்கும் டி வடிவ ரப்பர் புஷ்ஷைப் பாருங்கள். அதன்மேல் தண்ணீர் ஊற்றிவிட்டு ஓட்டுங்கள். சில நிமிடம் முனகல் நின்று, காய்ந்ததும் திரும்பி வந்தால் அதுவேதான். புது புஷ்ஷின் உள்விட்டம் பாரின் தடிமனுக்குப் பொருந்த வேண்டும். பாரின்மேல் உள்ள துருவைச் சுரண்டிவிட்டுப் போடுங்கள். சாதாரண கிரீஸ் தடவினால் ரப்பர் ஊறி உப்பிவிடும்; சிலிகான் கிரீஸ், அல்லது சோப்புத் தண்ணீர் போதும்.

பிரேக் பிடித்தால் ஒரே ஒரு டொம்

வண்டியை நிறுத்தும் கடைசி நொடியில் ஒரு அடி. ரிவர்ஸ் போட்டு மறுபடி பிரேக் தொட்டால் இன்னொரு அடி. தொடர்ந்து வராது, திசை மாறும்போது ஒரு தடவைதான். சிலருக்குப் பிரேக்கின்போது கார் ஒரு பக்கம் இழுக்கும், பிரேக்கை விட்டதும் நேராகிவிடும். இது லோயர் ஆர்மின் புஷ், பெரும்பாலும் பின்பக்கத்துப் பெரிய புஷ். பிரேக் போடும்போது சாலை சக்கரத்தைப் பின்னுக்குத் தள்ளுகிறது. அந்தத் தள்ளலை வாங்கிக்கொள்ளும் ரப்பர் கிழிந்திருந்தால் ஆர்ம் போய் இரும்பில் இடிக்கிறது.

சோதனைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து மிக மெதுவாக முன்னே ஒரு அடி, பின்னே ஒரு அடி ஓட்டிப் பிரேக் போடட்டும். மற்றவர் பக்கவாட்டில் தள்ளி நின்று சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் உள்ள இடைவெளியைப் பார்க்கட்டும். காருக்கு முன்னோ பின்னோ நிற்கக் கூடாது. சக்கரம் கண்ணுக்குத் தெரியும் அளவு முன்பின்னாக நகர்ந்தால் புஷ் போய்விட்டது. அடுத்து காரைத் தூக்கி, ஆர்முக்கும் சட்டகத்துக்கும் நடுவில் நெம்புகோலைக் கொடுத்து நெம்பிப் பாருங்கள். ரப்பரின் மேல்தோலில் நரம்பு நரம்பாக விரிசல் இருப்பது வயதின் அடையாளம். அதை மட்டும் வைத்து மாற்ற வேண்டியதில்லை. நெம்பும்போது விரிசல் வாய் பிளந்தாலோ ரப்பர் உள்குழலைவிட்டுப் பிரிந்தாலோ மாற்றுங்கள். சில கார்களில் புஷ்ஷுக்குள் திரவம் இருக்கும். அதைச் சுற்றி எண்ணெய்க் கசிவு தெரிந்தால் வேறு சோதனையே தேவையில்லை.

புஷ்ஷை மட்டும் மாற்றுவதா, ஆர்மையே மாற்றுவதா? பிரஸ் இல்லாத வீட்டில் முழு ஆர்மையே மாற்றுவது புத்திசாலித்தனம். புது பால் ஜாயின்ட்டும் இரண்டு புது புஷ்களும் சேர்ந்தே வந்துவிடும். புஷ்ஷை மட்டும் அழுத்துவதாக இருந்தால் வெளி உறையில்தான் விசை விழ வேண்டும். உள்குழலைத் தள்ளினால் புது ரப்பரையே கிழித்துவிடுவீர்கள். பெரிய புஷ்களில் ரப்பருக்கு நடுவே வெற்றிடங்கள் இருக்கும். பழையதில் அவை எந்தத் திசையைப் பார்க்கின்றன என்று ஆர்மில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். அவை திசை மாறினால் விறைப்பாக இருக்க வேண்டிய பக்கம் இளகிவிடும்.

ஆர்மைக் கழற்றும் வரிசை:

1. சக்கரத்தைக் கழற்றுங்கள். ஸ்டெபிலைசர் லிங்க் ஆர்மில் மாட்டியிருந்தால் அதையும் விடுவியுங்கள்.

2. பால் ஜாயின்ட் இரண்டு விதமாகப் பிடித்திருக்கலாம். பிளந்த துளைக்குள் தண்டு நின்று குறுக்கே ஒரு போல்ட் போகும் வகையில், அந்தப் போல்ட்டை முழுதாக உருவி எடுக்க வேண்டும். தண்டில் உள்ள பள்ளத்தில் அது உட்கார்ந்திருப்பதால் பாதி தளர்த்தினால் தண்டு வராது. பிறகு பிளவில் உளியை லேசாகத் தட்டி விரித்துவிட்டு, ஆர்மைக் கீழே நெம்புங்கள். கூம்புத் தண்டு வகையில் ஸ்ப்ளிட் பின்னை எடுத்து, நட்டை நாலைந்து மரை தளர்த்தி அப்படியே விட்டுவையுங்கள். பிறகு நக்கிளில் கூம்பு உட்காரும் காதின் பக்கவாட்டில் ஓங்கி அடியுங்கள். தண்டின் நுனியில் அடித்தால் மரை நசுங்குமே தவிரக் கூம்பு விடாது. நட்டை விட்டுவைத்ததால் ஆர்ம் திடீரென்று முகத்துக்கு வராது.

3. நக்கிள் இப்போது தொங்கும். அதை வெளிப்பக்கம் இழுத்துவிடாதீர்கள். ஆக்சிலின் உள் ஜாயின்ட் பிரிந்து வந்துவிட்டால் இன்னொரு நாள் வேலை சேரும். கம்பியால் ஸ்ட்ரட்டோடு கட்டிவையுங்கள்.

4. சட்டகத்துப் போல்ட்டுகளைக் கழற்றி ஆர்மை எடுங்கள். புதியதைப் பழையதன்மேல் வைத்து நீளம், துளை, வளைவு எல்லாம் ஒன்றா என்று பாருங்கள். இடது வலது மாற்றி வாங்கிவருவது அடிக்கடி நடப்பது.

5. புது ஆர்மை மாட்டி, பால் ஜாயின்ட்டைக் கையேட்டு அளவுக்கு முழுதாக முறுக்குங்கள். ஸ்ப்ளிட் பின் துளை நேராகவில்லை என்றால் நட்டை முன்னோக்கி இறுக்கித்தான் பொருத்த வேண்டும். பின்னோக்கித் தளர்த்திப் பொருத்தக் கூடாது. நைலான் வளையம் உள்ள நட்டுகளை மறுபடி பயன்படுத்தாதீர்கள்.

6. புஷ் போல்ட்டுகளை இப்போது முறுக்க வேண்டாம், கையிறுக்கமாக மட்டும் விடுங்கள்.

ஆறாவது படியில்தான் வீட்டு வேலை பெரும்பாலும் கெடுகிறது. இந்த வகைப் புஷ்ஷில் எதுவும் சுழல்வதில்லை. உள்குழலைப் போல்ட் சட்டகத்தோடு நெரித்துப் பிடிக்கிறது. வெளி உறை ஆர்மோடு இருக்கிறது. நடுவிலுள்ள ரப்பர் முறுகித்தான் ஆர்ம் ஏறி இறங்குகிறது. சக்கரம் தொங்கும் நிலையில் போல்ட்டை இறுக்கிவிட்டால், ரப்பருக்கு அதுவே ஓய்வு நிலை. காரை இறக்கியதும் அது முறுகும், சும்மா நிற்கும்போதும் முறுகியே நிற்கும். அதற்குமேல் ஒவ்வொரு பள்ளமும் அதை இன்னும் முறுக்கும். பல வருடம் வரவேண்டிய புஷ் சில மாதத்திலேயே கிழிவது இதனால்தான். 'டூப்ளிகேட் பாகம்' என்று பழி போடப்படும் புஷ்களில் பல உண்மையில் தொங்கும் நிலையில் முறுக்கப்பட்டவை.

சரியான முறை: ஆர்மின் வெளிமுனைக்குக் கீழே, பால் ஜாயின்ட்டின் பக்கத்தில், ஜாக்கி வைத்து உயர்த்துங்கள். கார் ஸ்டாண்டைவிட்டு எழும்பப் பார்க்கும் அந்தக் கணத்தில் நிறுத்துங்கள். ஹப்பின் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்புவரை உள்ள தூரம், கார் தரையில் நின்றபோது இருந்த தூரத்துக்கு நெருக்கமாக வர வேண்டும். அதற்காகவே வேலை தொடங்கும் முன் அந்தத் தூரத்தை அளந்து எழுதிவையுங்கள். இந்த உயரத்தில் வைத்துப் போல்ட்டுகளை முழு அளவுக்கு முறுக்குங்கள். சாய்தளம் இருந்தால் சக்கரத்தைப் பூட்டி அதன்மேல் ஏற்றி நிறுத்தி முறுக்குவது இன்னும் துல்லியம்.

நின்ற இடத்தில் ஸ்டீயரிங் திருப்பினால் டங்

கார் நிற்கும்போது ஸ்டீயரிங்கைக் கடைசிவரை திருப்பினால் பெரிய கம்பி விடுபட்டுத் துள்ளுவது போல டங், டங். கூடவே, திருப்பம் முடிந்தபின் ஸ்டீயரிங் தானாக நடுவுக்கு வர மறுக்கிறது. ஸ்ட்ரட்டின் உச்சியில் மவுண்ட்டுக்கு அடியிலுள்ள பேரிங் இறுகிவிட்டது. பேரிங் சுழலாததால் ஸ்பிரிங் முறுகி, தாங்க முடியாமல் போகும்போது துள்ளி விடுகிறது.

ஒருவர் ஸ்டீயரிங்கைத் திருப்ப, மற்றவர் ஸ்பிரிங்கின்மேல் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். சுருள்களுக்கு நடுவில் விரலை விடாதீர்கள். வழுக்கிக்கொண்டு சுழன்றால் நல்லது. விட்டு விட்டுத் துள்ளினால் பேரிங் போய்விட்டது. மவுண்ட்டின் ரப்பர் இற்றுப்போயிருந்தால் பானட்டைத் திறந்து பார்க்கும்போதே தெரியும். வண்டியை அமுக்கி ஆட்டினால் நடு நட்டு மேலே குதித்து இறங்கும்.

மவுண்ட், ஷாக் அப்சார்பர், பம்ப் ஸ்டாப் (ஸ்ட்ரட் முழுதாக அமுங்கும்போது இடியைத் தாங்கும் ரப்பர்), தூசி உறை எதை மாற்றினாலும் ஸ்ட்ரட்டை வெளியே எடுத்தாக வேண்டும். ஆகவே பழைய காரில் எல்லாவற்றையும் ஒரே தடவையில், இரண்டு பக்கமும் மாற்றிவிடுங்கள்.

பிரேக் குழாயையும் ஏபிஎஸ் ஒயரையும் ஸ்ட்ரட்டிலிருந்து முதலில் விடுவியுங்கள். ஏபிஎஸ் ஒயர் அறுவதெல்லாம் இதை மறந்து நக்கிளை விடும்போதுதான். ஸ்ட்ரட்டை நக்கிளோடு சேர்க்கும் இரண்டு போல்ட்டுகளில் ஒன்றின் தலை மையம் விலகி இருந்தால், அது கேம்பரை (சக்கரம் உள்ளே வெளியே சாயும் கோணம்) சரிசெய்யும் போல்ட். அதன் நிலையைப் பெயின்ட் பேனாவால் குறியுங்கள். மற்றவற்றிலும் நக்கிளும் ஸ்ட்ரட்டும் சேரும் கோட்டைக் குறித்துவைத்தால், திரும்ப மாட்டும்போது கேம்பர் அதிகம் விலகாது. கீழ்ப் போல்ட்டுகளை எடுத்து நக்கிளைக் கம்பியால் கட்டியபின், பானட்டுக்குள் உள்ள சுற்று நட்டுகளைத் தளர்த்துங்கள். பெரும்பாலும் மூன்று இருக்கும். கடைசி நட்டை எடுக்கும்போது ஒரு கை ஸ்ட்ரட்டைத் தாங்கட்டும். நடுவிலுள்ள பெரிய நட்டைக் காரில் இருக்கும்போது தொடவே தொடாதீர்கள்.

இனி ஸ்பிரிங். இந்த வேலையிலேயே ஆபத்தானது இதுதான். அமுங்கிய ஸ்பிரிங் விடுபட்டால் எலும்பை முறிக்கும், உயிரையும் வாங்கும். தரமான கம்ப்ரஸர் இல்லை என்றாலோ அதன் திருகு மரை தேய்ந்திருந்தாலோ இந்தக் கட்டத்தைப் பட்டறையில் கொடுத்துச் செய்துவாங்குங்கள். ஸ்பிரிங், மவுண்ட் எல்லாம் பூட்டிய முழு ஸ்ட்ரட் கிடைத்தால் அதை வாங்குவது இன்னும் நல்லது. நீங்களே செய்தால், இரண்டு கொக்கிகளையும் ஸ்பிரிங்கின் எதிரெதிர்ப் பக்கத்தில், முடிந்த அளவு அதிக சுருள்களைக் கவ்வும்படி மாட்டுங்கள். இரண்டு திருகையும் மாற்றி மாற்றிச் சில சுற்றுகளாக இறுக்குங்கள். ஒரு பக்கம் முந்தினால் ஸ்பிரிங் வாழைப்பழம் போல வளைந்து கொக்கியைத் தள்ளிவிடும். மேல்தட்டு கையால் சுற்றும் அளவு தளர்ந்தபிறகே நடு நட்டைக் கழற்றுங்கள். ஸ்பிரிங்கின் இரண்டு முனைகளுக்கும் நேராக முகமோ கையோ இருக்கக் கூடாது.

புது ஷாக் அப்சார்பரை நிமிர்த்திப் பிடித்து மூன்று நான்கு தடவை முழு நீளத்துக்கு அழுத்தி இழுங்கள். படுக்கையில் கிடந்தபோது உள்ளே புகுந்த காற்று வெளியேறும். முதல் சில அழுத்தத்தில் வெற்றிடம் போலத் தோன்றுவது போய்ச் சீராக விறைக்கும். அதன் பளபளப்பான தண்டைப் பிளேயரால் பிடிக்காதீர்கள். ஒரு கீறல் போதும், சீல் கிழிந்து எண்ணெய் ஒழுக ஆரம்பிக்கும். நட்டை இறுக்கும்போது தண்டின் தலையிலுள்ள ஆலன் குழியில் பிடியுங்கள். ஸ்பிரிங்கின் கீழ்நுனி தட்டிலுள்ள படியில் முட்டி உட்கார வேண்டும். பேரிங்கின் மேல்பக்கம் எது என்று பார்த்துப் போடுங்கள். தலைகீழாகப் போட்டாலும் சில பேரிங்குகள் உட்கார்ந்துவிடும், சில நாளில் அரைக்கத் தொடங்கும்.

ஸ்டீயரிங் ஆட்டம், நேர்ச்சாலையில் அலைச்சல்

முதலில் டயர் காற்று. அது சரியென்றால் சக்கரத்தைத் தூக்கிக் கடிகார முகமாக நினைத்துக்கொள்ளுங்கள்.

9 மணியிலும் 3 மணியிலும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் டை ராடு எண்ட் (ஸ்டீயரிங் கம்பி நக்கிளோடு சேரும் மூட்டு) அல்லது ரேக் எண்ட் (அதே கம்பி ஸ்டீயரிங் ரேக்கோடு சேரும் மூட்டு). இன்னொருவர் ஆட்டும்போது டை ராடு எண்டின்மேல் விரல் வைத்துப் பாருங்கள். அங்கே துடித்தால் அது. அங்கே அமைதியாக இருந்து, ரேக்கின் மடிப்பு உறைக்குள் துடித்தால் ரேக் எண்ட்.

12 மணியிலும் 6 மணியிலும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் சக்கரப் பேரிங் அல்லது பால் ஜாயின்ட். இரண்டையும் பிரிக்க ஒருவரைப் பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். பிரேக் ஹப்பையும் நக்கிளையும் ஒன்றாகப் பூட்டிவிடும். ஆட்டம் மறைந்தால் பேரிங், மறையாவிட்டால் பால் ஜாயின்ட். மெக்ஃபெர்சன் அமைப்பில் சக்கரம் தொங்கும்போதே பால் ஜாயின்ட் சுமையின்றி இருக்கும் என்பதால் இந்தச் சோதனை நேராக வேலை செய்யும். ஸ்பிரிங் லோயர் ஆர்மின்மேல் உட்கார்ந்திருக்கும் இரட்டை ஆர்ம் அமைப்பில் அப்படி இல்லை. அங்கே ஆர்முக்கு அடியில் ஜாக்கி வைத்துத் தூக்கினால்தான் ஆட்டம் வெளியே தெரியும்.

பால் ஜாயின்ட்டில் ஆட்டம் தெரிந்தால் அந்தக் காரை ஓட்டாதீர்கள். மற்ற பாகங்கள் தேய்ந்தால் சத்தம் போடும். இது விடுபட்டால் சக்கரம் மடங்கிப் படுத்துவிடும்.

டை ராடு எண்டை மாற்றும்போது: பூட்டு நட்டைக் கால் சுற்று மட்டும் தளர்த்துங்கள். நட்டிலிருந்து தண்டின் மையம்வரை அளந்து எழுதுங்கள். கழற்றும்போது எத்தனை சுற்றில் வருகிறது என்றும் எண்ணுங்கள். இரண்டும் வேண்டும், ஏனென்றால் புது எண்டின் நீளம் பழையதோடு ஒரு மிமீ மாறினாலும் சுற்றின் கணக்கு மட்டும் போதாது. மரையின் இடைவெளி 1.5 மிமீ, ஸ்டீயரிங் கை (நக்கிளில் டை ராடு மாட்டும் நீட்சி) 120 மிமீ என்று வைத்துக்கொண்டால், ஒரே ஒரு சுற்றுப் பிசகு சக்கரத்தை ஏறத்தாழ 0.7 பாகை திருப்பிவிடும். டயரின் ஓரத்தைச் சீக்கிரமே தின்றுவிட அது போதும். எவ்வளவு கவனமாகச் செய்தாலும் அலைன்மென்ட் கட்டாயம்.

வேகத்தடைக்குப் பின் கார் ஊஞ்சலாடுகிறது

இங்கேதான் ஷாக் அப்சார்பருக்கு முறை வருகிறது. ஒரு மேடு ஏறி இறங்கியபின் முன்பக்கம் இரண்டு மூன்று தடவை எழுந்து அடங்குகிறது, பிரேக் போட்டால் மூக்கு குத்துகிறது, டயரின் சுற்றில் திட்டுத்திட்டாகப் பள்ளம் விழுந்திருக்கிறது. கையால் தடவினால் அலை அலையாக உணர்வீர்கள். மட்கார்டை அமுக்கிவிட்டுப் பார்க்கும் பழைய சோதனை முழுதாகச் செத்துப்போன ஷாக்கரை மட்டுமே காட்டும். பாதி போனதைக் காட்டாது. உறையைத் தூக்கி உடலைப் பாருங்கள். சீலுக்குக் கீழே மெல்லிய எண்ணெய்ப் பூச்சும் தூசியும் படிந்திருப்பது இயல்பு. ஈரமாகக் கோடு கோடாக வழிந்திருந்தால் மாற்றுங்கள். மாற்றும் முறை மேலே சொன்னதுதான்.

ஒரு பக்கம் தாழ்ந்து நிற்கிறது

சமதளத்தில் நிறுத்தி, காற்றைச் சமப்படுத்தி, ஹப்பின் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்புவரை இரண்டு பக்கமும் அளங்கள். ஒன்றரை சென்டிமீட்டருக்குமேல் வித்தியாசம் இருந்தால் ஸ்பிரிங்கின் கடைசிச் சுருளைத் தடவிப் பாருங்கள். தண்ணீரும் சேறும் தங்கும் கீழ்நுனியில்தான் அது பெரும்பாலும் ஒடியும், மேலிருந்து பார்த்தால் தெரியாது. ஒடிந்த முனை டயரைக் கிழிக்கலாம்; கண்டுபிடித்தால் ஓட்டாதீர்கள். ஸ்பிரிங்கையும் ஜோடியாகவே மாற்ற வேண்டும்.

சஸ்பென்ஷன் போலத் தோன்றும், ஆனால் இல்லை

வேகம் கூடக் கூட உயரும் 'ஊம்' என்ற ரீங்காரம் சக்கரப் பேரிங். ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பி ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் டக் டக் டக் என்பது ஆக்சிலின் வெளி ஜாயின்ட். 80க்கு மேல் மட்டும் ஸ்டீயரிங் நடுங்கினால் வீல் பாலன்ஸ். பிரேக்கில் மட்டும் நடுங்கினால் டிஸ்க்.

எல்லாம் மாற்றியாயிற்று, சத்தம் போகவில்லை

சக்கர நட்டுகளை நட்சத்திர வரிசையில் முறுக்கி, காரைத் தரையில் இறக்கி டார்க் ரெஞ்ச்சால் முடித்திருப்பீர்கள். பல சிறிய கார்களில் அந்த அளவு 85 முதல் 120 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும். பிரேக் பேடுகளைப் பிடித்திருக்கும் காலிப்பரைக் கழற்றியிருந்தால் வண்டியை எடுக்கும் முன் பிரேக் பெடலைக் கெட்டியாகும்வரை மிதித்திருப்பீர்கள். ஆனாலும் முதல் ஓட்டத்தில் ஏதோ இடிக்கிறது என்றால்:

புது லிங்க் போட்ட உடனே அதே லொடலொட. தண்டு சேர்ந்து சுற்றியிருக்கிறது. நட்டு இறுகியது போலத் தோன்றிப் பாதியில் நின்றிருக்கிறது. ஆலன் கீயால் பிடித்து மறுபடி முறுக்குங்கள்.

ஸ்ட்ரட்டின் உச்சியிலிருந்து புதிதாக டொக். நடு நட்டு முழு அளவுக்கு இறுகவில்லை, அல்லது மவுண்ட்டுக்கு மேலுள்ள வாஷர் மாறிப்போயிருக்கிறது.

முதல் முறை இறக்கியதும் ஒரே ஒரு டங், பிறகு இல்லை. ஸ்பிரிங் நுனி தட்டின் படியில் போய் உட்கார்ந்த சத்தம். திருப்பும்போதெல்லாம் வந்தால் அது உட்காரவில்லை, பிரிக்க வேண்டியதுதான்.

ஸ்டீயரிங் கோணலாக நிற்கிறது. டை ராடு நீளம் இடமும் வலமும் ஒத்துப்போகவில்லை. ஸ்டீயரிங் சக்கரத்தைக் கழற்றி நேராக மாட்டுவது தீர்வல்ல. ரேக்கின் நடு நிலை தவறிவிடும், ஏர்பேக் வேறு அங்கே இருக்கிறது. அலைன்மென்ட்டில் டை ராடைச் சரிசெய்தால் நேராகும். ஆர்ம், ஸ்ட்ரட், டை ராடு எண்ட் இவற்றில் எதைத் தொட்டிருந்தாலும் அலைன்மென்ட் செய்யுங்கள்.

முன்பக்கம் முன்பைவிட ஒரு விரல் உயரமாக நிற்கிறது, ஆர்ம் புஷ்ஷில் முனகல். தொங்கும் நிலையில் முறுக்கிவிட்டீர்கள். போல்ட்டுகளைத் தளர்த்தி, காரை அதன் சொந்த உயரத்தில் நிறுத்தி, மறுபடி முறுக்குங்கள். ரப்பர் இன்னும் கிழியவில்லை என்றால் இதுவே போதும்.

ஏபிஎஸ் விளக்கு எரிகிறது. ஸ்ட்ரட்டிலிருந்து விடுவித்த ஒயர் கிளிப்பில் திரும்ப மாட்டப்படாமல் டயரில் உரசுகிறதா, இணைப்பு முழுதாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். 100 கிலோமீட்டர் ஓடியபின் சக்கர நட்டுகளை மறுபடி டார்க் ரெஞ்ச்சால் சோதிக்கும்போது, ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பி இந்த ஒயரையும் பிரேக் குழாயையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.